தாமிரபரணிக் கரைக்கு ஒரு பியானோ வேண்டும்

திருநெல்வேலி தச்சநல்லூரில் என் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் பலரும் கைப்பேசியில் ஒரே காட்சியைத்தான் காட்டுகிறார்கள். 2019-ல் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், 'ஃபிளைட் ஆஃப் தி பம்பிள்பீ'யை நிமிடத்துக்கு 208 பீட் வேகத்திலும், பிறகு 325 வேகத்திலும் வாசித்த காட்சி. அப்போது அவருக்கு 13 வயது. பரிசு பத்து லட்சம் டாலர். "எத்தன வருசத்துல டீச்சர் இவன் இப்படி வாசிப்பான்?" என்று கேட்கிறார்கள்.

லிடியன், ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் படித்தவர். அவர் விரலுக்கு நிஜப் பியானோ கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது 61 கட்டை கீபோர்டு. பியானோவுக்கு 88 கட்டைகள். எண்ணிக்கையை விடுங்கள், கனம்தான் விஷயம். பியானோவில் ஒவ்வொரு கட்டையும் உள்ளே ஒரு சுத்தியலைத் தூக்கிக் கம்பிமேல் வீசுகிறது. கீபோர்டுத் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்த என் மாணவி ஒருத்தி சென்னையில் முதன்முறையாகப் பியானோ முன் உட்கார்ந்தாள். மென்மையாக வாசிக்க வேண்டிய இடத்தில் மெதுவாகத் தொட்டாள். கட்டை இறங்கியது, சத்தமே வரவில்லை. பயந்துபோய் அழுத்தினாள், இடது கை மெட்டையே மூடிவிட்டது. அத்தனை வருடப் பயிற்சியும் அவள் விரலுக்கு அந்தக் கனத்தைக் காட்டியிருக்கவில்லை.

நாகஸ்வர வித்வான் தன் வாத்தியத்தை உறையில் போட்டு எடுத்துப்போகிறார். பியானோ கலைஞர் வெறுங்கையோடுதான் போகிறார். அந்த அரங்கில் எது இருக்கிறதோ அதுதான் அன்றைக்கு அவர் வாத்தியம். ஆகவே ஊரில் பியானோ இல்லையென்றால் கச்சேரியும் இல்லை. சிக்கில் குருசரணோடு சேர்ந்து கர்நாடக இசையைப் பியானோவில் வாசிக்கிற அனில் சீனிவாசன் போன்றவர்களை எங்கள் பிள்ளைகள் திரையில் பார்ப்பதோடு சரி. லிடியனும் சினிமாப் பக்கம் போய், 2024-ல் வந்த மோகன்லாலின் 'பரோஸ்' படத்துக்கு இசையமைத்தார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கச்சேரி மட்டுமே வாசித்துப் பிழைக்க நினைக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை ஊர் மேடை தரும்?

திருநெல்வேலி அரசு இசைப் பள்ளியில் குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் கற்றுத்தருகிறார்கள். அங்கேயோ மாநகராட்சி அரங்கு ஒன்றிலோ ஒரு பியானோ வையுங்கள். கிராண்ட் வேண்டாம், சுவரோரம் நிற்கிற அப்ரைட் போதும். வாங்கும்போதே ட்யூனர் கூலியையும் வருடச் செலவில் எழுதிவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் மரம் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். வருடத்துக்கு இரண்டு தடவை சுருதி கூட்டாவிட்டால் அது கோப்பு அடுக்குகிற மேசையாகிவிடும். பூட்டி வைக்கவும் கூடாது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற எந்தப் பிள்ளையும் பேரெழுதி வைத்து அரை மணி நேரம் வாசித்துப் போகலாம் என்று இருக்க வேண்டும். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.