வழிகாட்டியின் சொல்

நுழையும்முன்

மலையேற்றம் இன்றைய இளைஞரைப் பெரிதும் ஈர்க்கிறது. ஏறியவரின் துணிவை நாம் போற்றுகிறோம். அவருக்கு வழிகாட்டியவரின் அறிவை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வறிவுக்குரிய மதிப்பை வலியுறுத்துகிறது இக்கட்டுரை.

எங்கள் ஆலங்குளத்தில் நின்று மேற்கே நோக்கினால், மேற்குத்தொடர்ச்சி மலை நீல மதில்போல் தோன்றும். ஆனி, ஆடித் திங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, மழை எங்களை எட்டாவிடினும் அதன் குளிர்காற்று வந்து தழுவும். அத்தொடரின் தென்பகுதியில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பொதிகை. பொருநை பிறக்குமிடம் அது. நாள்தோறும் காண்பதால் அம்மலையை அறிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். காண்பது வேறு, அறிவது வேறு. அதனை அறிந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் காணி மக்களே.

ஒரு நடையும் ஒரு கனியும்

1987ஆம் ஆண்டில் அறிவியலாளர் சிலர், பொதிகையின் கேரளப் பக்கத்தில் காணி இளைஞர்களின் துணையோடு மலையேறினர். அறிவியலாளர்கள் களைத்தனர், வழிகாட்டிகளோ சிறு கனிகளை மென்றவாறு சோர்வின்றி நடந்தனர். அக்கனிகளை உண்ட அறிவியலாளர்களும் புத்துணர்வு பெற்றனர். அது எச்செடியின் கனி என்பதைக் காணியர் உடனே கூறவில்லை. தயங்கிய பின்னரே காட்டினர். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. அதற்கான உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க முடிவு செய்யப்பட்டது; அதனைப் பெற 1997இல் அம்மக்களின் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அவ்வேற்பாட்டில் பின்னர்ச் சிக்கல்கள் எழுந்தன. எனினும், மலைவாழ் மக்களின் அறிவு விலைமதிப்புடையது, அதற்குரிய பங்கு அவர்களைச் சேரவேண்டும் என்னும் நெறியை அது நாட்டுக்கு உணர்த்தியது.

தீ கற்பித்த பாடம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்வெளியில் தீ எத்துணை விரைவாக ஏறும் என்பதை வெளியூரார் எளிதில் உணர்வதில்லை. அன்று மீட்புக்கு விரைந்தவர்களுள் அவ்வூர் மக்களும் இருந்தனர். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலையேற்ற வழித்தடங்களை அறிவித்து, பழங்குடி ஊர்களையும் வனத்தையொட்டிய ஊர்களையும் சேர்ந்த இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துள்ளது.

'மனிதர் நுழைந்தால் காடு கெடும். வழிகளை மூடிவிடுவதே நன்று' என்பார் உளர். நெகிழிப்பையும் கூச்சலும் மலைக்குச் செய்யும் தீங்கை நோக்க, அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும், நேர்வழி அடைபட்டால் கள்ளவழி திறக்கும். அதில் வழிகாட்டி இரான். மேலும், காட்டில் கால் வைத்தறியாத தலைமுறை அதனைக் காக்க முன்வருமா? ஆகவே வழிகளை அடைப்பதினும், அறிந்தவர் சொற்படி அளவோடு நடப்பதே ஏற்றது. வழிகாட்டிக்குத் தரும் பணத்தைச் சுமைகூலியாகவோ இரக்கத்தால் ஈவதாகவோ எண்ணுதல் தகாது. அது ஆசிரியருக்குச் செலுத்தும் கட்டணம்.

பழந்தமிழ் காட்டும் வழி

முன்வகுப்பில் நீங்கள் பயின்ற மலைபடுகடாம், நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தருக்கு வழிசொல்லும் நூல். பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போரின் கவண்கற்கள், வழுக்கும் இடங்கள் ஆகியவற்றை அது முன்கூட்டியே எச்சரிக்கிறது. சிற்றூர் மக்கள் உறவினர்போல் வரவேற்று உணவளிப்பர் என்றும் கூறுகிறது. வழியின் இயல்பும் வழியில் வாழ்வோரின் பண்புமே அங்கு விரிவாகப் பேசப்படுகின்றன.

மாணவர்களே! உச்சியில் நின்று எடுக்கும் ஒளிப்படம் ஏறியவரின் முகத்தைக் காட்டும். அழைத்துச் சென்றவரின் பெயரைச் சொல்லாது. நீங்கள் மலைக்குச் செல்லும் நாளில் அவர் பெயரைக் கேட்டறியுங்கள். அவர் ஊரில் விருந்தினராக நடந்துகொள்ளுங்கள். முன்னே செல்பவர் 'நில்' என்றால் நிற்பதும், 'திரும்பு' என்றால் திரும்புவதுமே மலையேற்றத்தின் முதற்பாடம்.