காப்பி வேண்டாம், நீங்களே வரைந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. லெட்டர் டைப் செய்கிறோம்; பாட்டு கேட்கிறோம்; பிள்ளைகள் கேம்ஸ் ஆடுகிறார்கள். "இதற்கு மேல் இதை வைத்துக் கொண்டு என்ன செய்வது?" என்று புதிதாக வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஒன்றை அவர்களுக்குச் சொல்வது வழக்கம். அதில் இப்போது பரவி வரும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

நான் பிளாஸ்டிக் மாடல் கிட் செய்பவன். இரண்டாம் உலகப் போர் காலத்து டாங்கிகள், விமானங்கள் ஆகியவற்றின் சிறிய உருவங்களைப் பாகம் பாகமாக ஒட்டி, பெயின்ட் அடித்து உருவாக்குவதுதான் இந்தக் கலை. டாங்கிகளுக்கு 1/35 என்ற அளவு உலகெங்கும் பிரபலம். நிஜ டாங்கியில் 35 செ.மீ. நீளம் உள்ளது மாடலில் 1 செ.மீ. ஆகிவிடும். இந்த 35 எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஓடக்கூடிய பாந்தர் டாங்கி மாடலைத் தயாரித்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி அதன் உடலை அமைத்தார்கள். பின்னர் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 1/35 என வந்தது. அதுவே நிலைத்துவிட்டது.

தனிப் பாகம் எதற்கு?

கிட்டிலேயே எல்லாப் பாகங்களும் இருக்கும்போது, ரெசின் பாகங்களைத் தனியாக விற்பது ஏன் என்று கேட்கலாம். கிட் பாகங்கள் உலோக அச்சில் உருவாகின்றன. சூடான பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தி, ஆறியதும் அச்சைத் திறந்து எடுக்கிறார்கள். அச்சு திறக்கும்போது சிக்கிக் கொள்ளும் வடிவங்களை இப்படிச் செய்வது கடினம். அரை மி.மீ.க்கும் குறைவான கனத்தில் தகடு போல எடுப்பதும் சிரமம். அந்த அரை மி.மீ. தகட்டை 35ஆல் பெருக்கிப் பாருங்கள், 17.5 மி.மீ. வரும். நிஜ டாங்கியின் மட்கார்டோ சில மி.மீ. கனமுள்ள தகடுதான்.

ரெசின் பாகங்களுக்கு சிலிக்கான் ரப்பர் அச்சு. ரப்பர் வளைந்து கொடுக்கும் என்பதால், நுணுக்கமான வடிவங்களும் உடையாமல் வெளியே வந்துவிடும். ஆனால் சில டஜன் முறை ஊற்றியதும் அச்சு கிழிந்து வீணாகிவிடும். ஒவ்வொரு பாகமும் கையால் ஊற்றி எடுக்கப்படுகிறது. இதனால்தான் விலை கூடுதலாக இருக்கிறது. அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி பல தொழிற்சாலைகளில் உருவானது. ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. அத்தனைக்கும் பெரிய நிறுவனங்கள் அச்சு செய்ய மாட்டார்கள். ஒருவரோ இருவரோ நடத்தும் சிறு பட்டறைகள்தான் அந்தக் குறையைத் தீர்க்கின்றன.

கம்ப்யூட்டர் கொண்டு வந்த மாற்றம்

திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைத்துப் பொருள் செய்யும் முறைக்கு, அமெரிக்காவின் சக் ஹல் 1984ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1986ல் அது கிடைத்தது. அன்று தொழிற்சாலைகளுக்கு மட்டுமே எட்டிய அந்த நுட்பம் இன்று மேஜை மேல் வைக்கும் பிரிண்டராகிவிட்டது. 0.05 மி.மீ. கனமுள்ள அடுக்குகளாக அது பாகத்தை உருவாக்குகிறது. வடிவமைப்பாளர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து, எஸ்.டி.எல். என்ற வகை பைலாக விற்கிறார்கள்.

தொல்லை இங்குதான் ஆரம்பம். ஒருவர் காசு கொடுத்து பைலை வாங்குகிறார். பத்து பேருக்கு அனுப்பி விடுகிறார். இன்னொருவர் ஒரு ரெசின் செட் வாங்கி, அதிலிருந்தே ரப்பர் அச்சு எடுத்து, பாதி விலைக்கு விற்கிறார். "ஒன்று வாங்கி எல்லோரும் பகிர்ந்து கொள்வதில் என்ன தப்பு?" என்று கேட்பவர்களும் உண்டு.

தப்புதான் என்பது என் கருத்து. லட்சக்கணக்கில் விற்கும் பொருளில் சில காப்பிகள் போனால் நிறுவனம் தாங்கிக் கொள்ளும். சில நூறு மட்டுமே விற்கும் பாகத்தில் காப்பி புகுந்தால், அதை வரைந்தவருக்கு உழைப்புக்குக் கூட காசு வராது; அடுத்த பாகத்தை அவர் வரைய மாட்டார். நஷ்டம் நமக்கும்தான். செக் நாட்டில் 1989ல் தொடங்கப்பட்ட எடுவார்ட் நிறுவனம் இன்று உதிரிப் பாகங்களோடு முழு கிட்டுகளையும் தயாரிக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இல்லாமல் இந்த வளர்ச்சி இல்லை.

வெளிநாட்டு விலை, தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் நம் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாவதில்லை என்பது உண்மை. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அதற்கு நேர்மையான வழிகள் இரண்டு உள்ளன. இரண்டுக்கும் உங்கள் கம்ப்யூட்டர் போதும்.

முதலில் தேடுங்கள்

கடைக்காரர் காட்டுவதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க ஜெர்மனியர்கள் டாங்கிகளில் சிமெரிட் என்ற பூச்சைப் பூசினார்கள். அதை ரெசினில் அழகாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் 1943ன் பிற்பகுதியில் பூசத் தொடங்கிய அதை, 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தின் போவிங்டன் மியூசியத்தில் உள்ள டைகர் 131 டாங்கி, 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது. அந்த டாங்கியைச் செய்பவருக்கு இந்தப் பூச்சு செட் வீண் செலவு. வாங்கும் முன் இன்டர்நெட்டில் அரை மணி நேரம் தேடினால் பணம் மிச்சம்.

பிறகு வரையுங்கள்

எளிய பாகம் ஒன்றில் தொடங்குங்கள். 20 லிட்டர் ஜெர்ரி கேன் நல்ல பயிற்சி. அது சுமார் 470 மி.மீ. உயரமும் 345 மி.மீ. அகலமும் உள்ளது. எக்ஸெல் செல்லில் =470/35 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 13.43 மி.மீ. என விடை வரும், அகலம் 9.86 மி.மீ. வரைய டிங்கர்கேட் தளம் போதும். பிரவுசரில் இலவசமாக இயங்கும். கை பழகியதும் ஃப்ரீகேட், பிளெண்டர் ஆகிய இலவச புரோகிராம்களுக்கு மாறலாம். பிரிண்டர் வாங்கும் அவசரம் வேண்டாம். பைலைக் கொடுத்தால் பிரிண்ட் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

பிறர் இலவசமாகத் தரும் பைல்களையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். உடன் இருக்கும் லைசென்ஸ் வரிகளை மட்டும் படித்து விடுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால், பிரிண்ட் எடுத்து விற்கக் கூடாது.

பின்னாளில் பிரிண்டர் வாங்கினால் ஓர் எச்சரிக்கை. இறுகாத ரெசின் தோலில் பட்டால் எரிச்சலும் அலர்ஜியும் வரலாம். கையுறை அணிந்து, காற்றோட்டமான அறையில் வேலை செய்யுங்கள். கழுவப் பயன்படும் ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். எந்த ரெசின் பாகத்தைத் தேய்த்தாலும் மாஸ்க் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நீங்கள் வரையும் முதல் ஜெர்ரி கேன் கடையில் விற்பதைப் போல இருக்காது. அதன் கைப்பிடியைச் சரியாகக் கொண்டு வர இரண்டு மூன்று மாலை நேரங்கள் போகும். ஒரு பாகத்துக்கு அவர்கள் கேட்கும் விலை எதற்கு என்பது அப்போது உங்களுக்கே புரியும்.