ஆருக்கு மலிவு?

“இலங்கை இப்ப நல்ல மலிவாம். லீவுக்கு வாறம். குறைஞ்ச செலவில எப்பிடிச் சுத்திப் பாக்கலாம் எண்டு ஒண்டு எழுதுங்கோவன்.” வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரும் நண்பர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. கேட்பதில் பிழையில்லை. நாங்களும் எழுதத்தான் இருந்தோம். எந்த பஸ், எத்தனை மணி, எங்கே சாப்பாடு என்று குறிப்பெல்லாம் எடுத்தாச்சு. ஆனால் முதல் வரியிலேயே ‘மலிவு’ என்ற சொல்லில் தடக்கி நின்றுவிட்டோம். ஆருக்கு மலிவு?

கணக்கைப் பார்ப்போம். 2022 தொடங்கும்போது பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 14 ரூபா. பிறகு 17, 20, 27, 32, ஜூலையில் 40. ஆறு மாதத்துக்குள் ஐந்து தடவை ஏறியது. அதே காலத்தில் ரூபாவும் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360 ரூபா வரை போனது. ஆகவே டொலரோடு வந்து இறங்கியவருக்கு அந்த பஸ் பயணம் 7 சதத்திலிருந்து 11 சதமாகியது. சில்லறை. அவர் கவனித்திருக்கவே மாட்டார்.

இப்போது அதே பஸ்ஸில் ஏறும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பக்கம் நின்று பாருங்கள். 2021 மார்ச்சில் அவவுடைய நாட்சம்பளம் 1000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. வருடக்கணக்காகப் போராடி வாங்கிய ஆயிரம் அது. 14 ரூபாக் கட்டணத்தில் அந்த ஆயிரத்துக்கு 71 தடவை பஸ் ஏறலாம். 2022 ஜூலையில் அதே ஆயிரத்துக்கு 25 தடவை. சம்பளத்தில் ஒரு ரூபாவும் குறையவில்லை. ஆனால் அவவின் உலகம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரி, சந்தை, பிள்ளையின் பள்ளிக்கூடம், அம்மா வீடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, தூரம் மட்டும் கூடிவிட்டது.

பணவீக்கம் என்றால் சாமான் விலை என்றுதான் நாங்கள் முதலில் நினைத்திருந்தோம். அரிசி, பருப்பு, பால்மா. போக்குவரத்தை நாங்கள் விளங்கிக்கொண்டது 2022 ஜூலையில். 2021 கடைசியில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 470 ஆகியிருந்தது. 121 ரூபா டீசல் 460. அந்த விலைக்கும் எண்ணெய் இல்லை. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தக் கிழமைகளில் எங்களில் ஒருத்தியின் அம்மம்மா மட்டக்களப்பில் செத்துப்போனா. அவள் யாழ்ப்பாணத்தில். பஸ் ஓடுமோ ஓடாதோ ஒருவருக்கும் தெரியாது. வான் ஒன்று பிடிக்க விசாரித்தால், கேட்ட காசு அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. கடைசியில் செத்தவீட்டை ஃபோனில் பார்த்தாள். நெட்வேர்க் விட்டு விட்டு வந்தது.

அவளிடம் போய், ‘முன்கூட்டியே திட்டமிடுங்கள், பயணச் செலவைக் குறைக்கலாம்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். விலை ஏறும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பாராட்டு வருகிறது: “எங்கட சனம் எதையும் சமாளிக்கும்.” மேடையில் பேசுபவரும் சொல்கிறார், ஊருக்கு வந்து போகும் மாமாவும் சொல்கிறார். உண்மைதான், சமாளித்திருக்கிறோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் எங்கட அப்பாமார் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். சைக்கிளில் நோயாளியை ஏற்றினார்கள். 2022இலும் பழைய சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்தோம். கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று வாங்கி ஓடினோம். அது பெருமையாகச் சொல்ல வேண்டிய கதையென்றால் சொல்லலாம். ஆனால் சமாளித்தவனைத் தட்டிக்கொடுப்பது, சமாளிக்க வைத்தவனைக் கேள்வி கேட்காமல் விடும் வழியாக மாறக் கூடாது. எங்கட பொறுமையை ஒரு பொதுப் போக்குவரத்துத் திட்டமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அதெல்லாம் முடிஞ்ச கதை. இப்பதான் பணவீக்கம் குறைஞ்சிட்டுதே” என்று ஒரு பதில் வரும். கொஞ்சம் பொறுங்கோ. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவாக இருந்தது 170 ரூபாவாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த செப்டெம்பரில் அது 1.3 வீதத்துக்கு வந்தது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் போட்டார்கள். அதன் அர்த்தம் 170 ரூபா திரும்ப 100 ஆனது என்பதில்லை. 170 ரூபா 172 ஆனது என்பதுதான். ஏற்றம் நின்றது, ஏறியது இறங்கவில்லை. இதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, கொண்டக்டரின் கையில் காசு கொடுத்துத்தான் படித்தோம்.

பஸ் கட்டணம் பிறகு இறங்கியது, மறுக்கவில்லை. 2024 ஜூலையில் 28 ரூபா. 14இன் இரண்டு மடங்கு. அந்த வருடம் செப்டெம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1350 ஆக்கப்பட்டது. திரும்பவும் கணக்குப் போடுங்கள்: ஏறத்தாழ 48 தடவை. 71க்கு அப்போதும் வந்து சேரவில்லை. நாடு மீண்டுவிட்டது என்று சொல்பவர்கள் இந்த 48ஐயும் 71ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசட்டும்.

பஸ்காசு இல்லையென்றால் வீட்டில் முதலில் நிற்பது ஆருடைய பயணம்? எங்களுக்குள் கேட்டுப் பார்த்தோம். தம்பியின் ரியூசன் நிற்கவில்லை, அக்காவின் கணினி வகுப்பு நின்றது. கம்பஸில் படிக்கிறவள் கிழமைக்கு ஒருக்கா வீட்டுக்கு வந்தவள், மாதத்துக்கு ஒருக்கா வரத் தொடங்கினாள். நாடக ஒத்திகைக்கு வராமல் விட்ட இரண்டு பேர், ‘நேரமில்லை’ என்று சொன்னார்கள். காசில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மாணவருக்கு இ.போ.ச. பஸ்ஸில் சீசன் ரிக்கெட் இருக்கிறது, ஆனால் அந்த பஸ் வர வேண்டுமே. வருவது தனியார் பஸ். அதில் சீசன் செல்லாது. பின்னேர வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸும் போய்விட்டால் ஓட்டோதான். ஓட்டோவுக்குக் காசில்லை என்பதால் வகுப்பை இடையில் விட்டு எழும்பி வரும் பிள்ளைகள் எங்கட ஊரில் இருக்கிறார்கள்.

இதற்காக ஓட்டோக்காரரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. டொலரை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் ஐம்பது ரூபாவுக்காக அவரோடு கால் மணித்தியாலம் பேரம் பேசி, அதைக் கெட்டித்தனமென்று வீடியோவும் போடுவதைக் கண்டிருக்கிறோம். அவருக்கு மாதாமாதம் லீசிங் கட்ட வேண்டும். உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் இறக்குமதி, ரூபா விழ அவற்றின் விலை ஏறும். ஊர்க்காரரிடம் ஒரு விலை, வெளியாரிடம் இன்னொரு விலை கேட்பது பிழைதான். அதற்கு மருந்து எல்லா இடத்திலும் மீற்றர். பேரத்தில் வென்று எடுத்த ஐம்பது ரூபா இல்லை.

சரி, வருபவர்களுக்கு ஒன்றும் சொல்ல மாட்டீர்களா என்றால், சொல்கிறோம். வாருங்கோ. பஸ்ஸிலும் ரயிலிலும் போங்கோ. பஸ் கட்டணம் உள்ளூராருக்கும் வெளியாருக்கும் ஒன்றுதான். ஏறியதும் ரிக்கெட் கேளுங்கோ, மிச்சக்காசையும் கேட்டு வாங்குங்கோ. உங்களுக்கு அது சில்லறை. நீங்கள் விட்டுவிட்டுப் போனால், அடுத்த சீட்டில் இருக்கும் அன்ரி கேட்கும்போது ‘பெரிய காசு கேக்க வந்திட்டா’ என்ற பார்வை அவவுக்குத்தான் விழும். சின்னக் கடையில் சாப்பிடுங்கோ. சாப்பிட்டுவிட்டு ‘சீப்’ என்று மட்டும் சொல்லாதேங்கோ. பரிமாறுகிற பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு கட்டுபடியாகுமா என்று ஒருக்கா யோசியுங்கோ.

எங்கட ஆட்களுக்குச் சொல்வது வேறு. கட்டணம் ஏறும்போது முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போகிற பழக்கத்தை விடுவோம். கேட்பதற்கு எங்களிடம் பட்டியல் இருக்கிறது. மாணவர் சீசன் தனியார் பஸ்ஸிலும் செல்ல வேண்டும், அந்தச் செலவை அரசு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பஸ்ஸிலும் மூன்று மொழியிலும் கட்டண அட்டவணை தொங்க வேண்டும். ரிக்கெட் இல்லாமல் காசு வாங்கக் கூடாது. பின்னேர வகுப்பும் வேலையும் முடியும் நேரத்துக்குப் பிறகு ஒரு பஸ்ஸாவது ஓட வேண்டும். ஒவ்வொரு ஜூலையும் கட்டணத்தை மீளாய்வு செய்கிறார்கள். டீசல் விலையைப் பார்க்கிறார்கள், ரயர் விலையைப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் ஏறுகிறவரின் சம்பளம் எவ்வளவு என்பதையும் அந்த மேசையில் வைக்கட்டும்.

இதைக் கேட்க ஒரு கூட்டம் வைப்பதென்றாலும் எல்லாரும் பஸ் ஏறித்தான் வர வேண்டும். ஆகவே முதல் கூட்டத்தை எங்களில் ஆருக்குத் தூரம் அதிகமோ, அவருடைய ஊரில் வைப்போம். மற்ற ஆட்கள் போகட்டும். போய்வந்த செலவைச் சேர்த்துப் பிரித்துக் கட்டுவோம்.