பன்றிக்குட்டிகளின் மெலிவு நோய்

பால் மறந்த பன்றிக்குட்டிகளுள் ஒன்றிரண்டு, உடன்பிறந்தவை கொழுத்து வளரும்போது, முதுகெலும்பு தெரிய மெலிந்து, மயிர் சிலிர்த்து, தோல் வெளிறி நிற்பதைப் பண்ணையாளர் பலரும் கண்டிருப்பர். குடற்புழு என்பார் ஒருவர். தீனி போதவில்லை என்பார் மற்றொருவர். இரண்டும் காரணமாதல் உண்டு. ஆயின் புழுமருந்தும் நல்ல தீனியும் கொடுத்த பின்னரும் குட்டி தேறாது, மூச்சிரைப்பும் கழிச்சலும் தோன்றி, கவட்டிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கிக் காணப்படுமாயின், மெலிவு நோயென ஐயுறல் வேண்டும்.

இந்நோய் 1991ஆம் ஆண்டு கனடாவின் மேற்குப் பகுதியில் முதன்முதல் கண்டறியப்பட்டது. சேர்க்கோவைரசு இரண்டாம் வகை எனப்படும் மிக நுண்ணிய வைரசே இதற்குக் காரணம். அது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலையே தாக்குவதால், பிற கிருமிகள் எளிதிற் புகுந்து குட்டியை வீழ்த்துகின்றன. ஆயினும் உலகின் பெரும்பாலான பண்ணைகளில் இவ்வைரசு இருந்தும், சிலவற்றிலேயே நோய் மூள்கின்றது. பண்ணையாளர் கருத்திற் கொள்ள வேண்டியது இதுவே. வைரசோடு நெருக்கடி, குளிர்ச்சி, அழுக்கு, பல இடத்துக் குட்டிகளின் கலப்பு என்பனவும் கூடியவிடத்தே நோய் வலுக்கின்றது.

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் ஊடாகப் புத்தளம் வரையுள்ள கரையோரமே இலங்கையில் பன்றி வளர்ப்பு மிகுந்த பகுதியாகும். விடுதிகள் நிறைந்த நகர்களில் மிஞ்சும் உணவை நம்பி நடக்கும் சிறு பண்ணைகளில் இடம் குறைவு. பல வயதுப் பன்றிகளும் ஒரே கூரையின் கீழ் நிற்கும். மெலிந்த குட்டியைக் கழிக்க மனமின்றி, அடுத்த ஈற்றுக் குட்டிகளோடு சேர்த்துவிடுவது அங்கே சிக்கனமென்று கருதப்படுகின்றது. உண்மையில் இதனினும் செலவு மிக்க வழக்கம் வேறில்லை. ஒரு குட்டியைக் காக்கப் போய், நோயை ஓர் ஈற்று முழுவதற்கும் கையளிப்பதாக அது முடிகின்றது. நோயுற்றதை வேறு கொட்டிலில் வைத்துப் பார்த்து, தேறாவிடின் துன்புறுத்தாது கழித்துவிடுதலே தக்கது.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வைரசைக் கொல்லா. பின்தொடரும் கிருமிகளை அவை ஓரளவு தடுக்குமாயினும், வைத்தியரைக் கேளாது கடையில் வாங்கி ஊற்றுவது வீண் செலவாகும். மாறாக, 1990களில் பிரான்சில் மடெக் என்னும் ஆய்வாளர் வகுத்த இருபது விதிகள், மருந்தைக் காட்டிலும் கொட்டில் ஒழுங்கையே பெரிதும் சார்ந்திருந்தன. ஒரு கொட்டிலை முழுவதும் நிரப்பி, முழுவதும் வெறுமையாக்கிக் கழுவுதல், கூட்டத்தைச் சிறிதாக்குதல், ஓரீற்றுக் குட்டிகளை மற்றோரீற்றோடு இயன்றவரை கலவாதிருத்தல் ஆகியன அவற்றுட் சில. தடுப்பூசி 2006ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்து பல நாடுகளில் பெரும் பயன் தந்துள்ளது. கிடைக்குமிடத்து, ஏறக்குறைய மூன்று வார வயதில், மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி இடுவிக்கலாம். ஆனால் அழுக்குக் கொட்டிலுக்கு அது மாற்றன்று. இவ்வைரசு சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றிற்கு எளிதில் மடியாது. சாணத்தை அகற்றி, சவர்க்கார நீராற் கழுவி, பின்னரே வெளிற்றும் தூள் கரைசலைத் தெளித்துக் காயவிடுதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதி செய்யப்பட்டது. இழந்த மந்தையை மீண்டும் நிரப்ப விரும்புவோர், மலிவு கருதிப் பல இடங்களிற் குட்டி வாங்குவாராயின், மெலிவு நோயையும் விலை கொடுத்து வாங்க நேரலாம். அறிந்த ஒரே பண்ணையிலிருந்து வாங்கி, சில வாரம் தனியே வைத்தல் நன்று. விடுதி உணவு கொடுப்பதாயின், அதனை அரைமணி நேரமேனும் கிளறிக் கொதிக்க வைத்த பின்னரே கொடுத்தல் வேண்டும்.

மெலிவு நோயில் குட்டிகள் சிறிது சிறிதாகவே தேய்கின்றன. பெரியனவும் சிறியனவும் கடுங்காய்ச்சலுற்று, தோல் சிவந்து, திடீரெனச் சாகுமாயின் அது வேறு நோய். உடலைக் கீறாமலும், இறைச்சியை விற்காமலும், பன்றிகளை வெளியேற்றாமலும் உடனே அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.