பாட்டுப்பெட்டி வாங்கப் போகிறீர்களா?

பாட்டு கேட்கப் பிடிக்காதவர் யார்?

தாலாட்டில் தொடங்குகிறது நம் வாழ்க்கை. ஒப்பாரியில் முடிகிறது. நடுவிலும் பாட்டுத்தான்! நாற்று நடும்போது பாட்டு. வலை இழுக்கும்போது பாட்டு. கல்யாணத்திலும் பாட்டு. கோவில் திருவிழாவிலும் பாட்டு.

இன்று அந்தப் பாட்டு எங்கே இருக்கிறது?

செல்போனுக்குள் இருக்கிறது.

செல்போன் யார் கையில் இருக்கிறது?

அதுதான் கேள்வி!

போன் போனால் பாட்டும் போச்சு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரெயில் போகிறது. மீஞ்சூரைத் தாண்டியதும் அனுப்பம்பட்டு. அதற்கு அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறினால் பழவேற்காடு. ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் இருக்கிறது. அதன் கரையில் மீனவர் கிராமங்கள் இருக்கின்றன.

அந்தக் கரையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு முன்பே மகன் படகில் போய்விடுகிறான். அவனோடு அவன் செல்போனும் போய்விடுகிறது. மருமகள் மீன் விற்கப் போகிறாள். அவளோடு அவள் செல்போனும் போய்விடுகிறது. வீட்டில் இருப்பவர் வயதான தாயார் ஒருவர்தான்.

அவர் காலத்தில் வீட்டில் டிரான்சிஸ்டர் இருந்தது. குமிழைத் திருகினால் பாடியது. இப்போது அது இல்லை.

மாலையில் பேரன் வருகிறான். "ராசா, ஒரு பாட்டு வையேன்" என்கிறார் பாட்டி. "இரு ஆயா, சார்ஜ் இல்லே" என்கிறான் பேரன்.

நாற்பது வருஷம் உழைத்த ஒருவர், ஒரு பாட்டுக்காகக் கெஞ்ச வேண்டுமா?

வேண்டாம்! சில நூறு ரூபாயில் அதற்கு வழி இருக்கிறது. அதுதான் பாட்டுப்பெட்டி.

பெட்டி வந்த கதை

கையில் எடுத்துச் செல்லும் டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்காவில் 1954-ல் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் சோனி கம்பெனி 1979-ல் 'வாக்மேன்' கொண்டுவந்தது. கேசட்டைப் போட்டு, நடந்துகொண்டே பாட்டு கேட்டார்கள்.

பிறகு கேசட்டும் போயிற்று. பாட்டு வெறும் எண்களாக மாறி, ஒரு சின்னச் சில்லுக்குள் அடங்கியது. 1998-ல் தென்கொரியாவின் சேஹான் கம்பெனி அப்படிப்பட்ட கருவியை விற்றது. அதில் ஏழெட்டுப் பாட்டுதான் பிடித்தது! 2001-ல் ஆப்பிள் கம்பெனி 'ஐபாடு' கருவியைக் கொண்டுவந்தது. அதில் ஆயிரம் பாட்டு பிடித்தது. உலகமே வியந்தது.

அந்த ஐபாடு இப்போது எங்கே? 2022-ல் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். செல்போன் அதை விழுங்கிவிட்டது.

ஆனால், இந்தியாவில் ஒரு வேடிக்கை நடந்தது.

2017-ல் சரிகம கம்பெனி 'கார்வான்' என்று ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பெனிதான் இந்தச் சரிகம. பெட்டி பார்ப்பதற்குப் பழைய ரேடியோ போல இருந்தது. உள்ளே ஐயாயிரம் பாட்டு. இன்டர்நெட் வேண்டாம். குமிழைத் திருப்பினால் போதும், பாடும். விலை 5,990 ரூபாய். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலத்தில் இதை யார் வாங்குவார்கள் என்று பலர் நினைத்தார்கள். ஆனால், பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். பெட்டி நன்றாக விற்றது. தமிழ்ப் பாட்டுப் பெட்டியும் வந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன?

வயதானவர்களுக்குப் பாட்டு கிடைக்காமல் இல்லை. பாட்டை வைக்கும் வழிதான் அவர்களுக்குக் கடினமாகிவிட்டது. திருகுவதற்கு ஒரு குமிழ் வேண்டும். அமுக்குவதற்கு ஒரு பொத்தான் வேண்டும். அவர்கள் கேட்பது அவ்வளவுதான்!

ஆறாயிரம் ரூபாய்க்கு எங்கே போவது?

ஏழை எளியவர்களுக்கு ஆறாயிரம் ரூபாய் பெரிய தொகை. அதே வேலையைச் செய்யும் சிறிய பெட்டிகள் கடைகளில் இருக்கின்றன. மெமரி கார்டு போடலாம். பென் டிரைவ் சொருகலாம். எப்.எம். ரேடியோவும் பாடும். சில நூறு ரூபாய் முதல் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய் வரை விலை இருக்கிறது.

ஆனால், இவற்றில் நல்லதும் உண்டு. ஒரு மாதத்தில் ஊமையாகிவிடுவதும் உண்டு. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டியின் மேல் சுற்றும் வண்ண விளக்கு பாட்டுப் பாடாது. பேட்டரியைத்தான் தின்னும்!

வாங்கும்போது ஐந்து சங்கதிகளைப் பாருங்கள்.

1. பேட்டரி: பாட்டுப்பெட்டியில் முதலில் கெட்டுப்போவது பேட்டரிதான். அதைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், புதுப் பேட்டரி போட்டுப் பெட்டியைப் பல வருஷம் ஓட்டலாம். முடியாது என்றால், பேட்டரி செத்த அன்று பெட்டியும் செத்தது. பேட்டரியின் மேல் ஐ.எஸ். 16046 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பேட்டரியின் பாதுகாப்புக்காக இந்தியத் தர நிர்ணயம் வகுத்த விதியின் எண்.

2. பொத்தான்: யாருக்காக வாங்குகிறீர்களோ, அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடி போடாமல் அவரே பெட்டியைப் போட முடிகிறதா? அடுத்த பாட்டுக்குப் போக முடிகிறதா? சத்தத்தைக் குறைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

3. ரேடியோ: ரேடியோ இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறோம்.

4. மெமரி கார்டு: ஒரு பாட்டு சுமார் 4 எம்.பி. இடத்தைப் பிடிக்கும். 8 ஜி.பி. கார்டில் சுமார் இரண்டாயிரம் பாட்டு அடங்கும். தினம் இருபது பாட்டு கேட்டால் எல்லாம் முடிய நூறு நாள் ஆகும். இதற்கு மேல் எதற்கு? பெரிய கார்டு என்று சொல்லிப் போலி கார்டை விற்பவர்களும் உண்டு. மேலே பெரிய எண் அச்சிட்டிருக்கும். உள்ளே பாதி கூட இடம் இருக்காது. பாட்டைப் பதிவு செய்ததும், கடைசியில் உள்ள பாட்டு பாடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். மேலும், பல சிறிய பெட்டிகள் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. கேட்டு வாங்குங்கள்.

5. ரசீது: ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பெட்டி கெட்டுப்போய், கடைக்காரர் கைவிரித்தால், 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். அது நுகர்வோருக்கான அரசாங்க உதவி எண். அங்கே பேச உங்களுக்கு ஆதாரம் அந்தத் துண்டுச் சீட்டுத்தான்.

இன்னொரு வார்த்தை. "கார்டிலே ஐயாயிரம் பாட்டு ஏற்றித் தருகிறேன்" என்பார்கள். அனுமதி இல்லாமல் ஏற்றிய பாட்டில், பாடியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ஒரு காசு கூடப் போவதில்லை. உங்களிடம் இருக்கும் பழைய சி.டி.யிலிருந்தும், விலை கொடுத்து வாங்கிய பாட்டிலிருந்தும் ஏற்றுங்கள். பாட்டியின் பாட்டு ஒரு பிரிவு, சாமி பாட்டு ஒரு பிரிவு, பேரன் பாட்டு ஒரு பிரிவு என்று பிரித்து ஏற்றுங்கள். தேட வேண்டிய வேலை இருக்காது.

புயல் அடிக்கும்போது

ரேடியோ எதற்கு என்று சொல்வதாகச் சொன்னோம் அல்லவா?

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தது. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மின்சாரம் நின்றது. பல இடங்களில் செல்போன்களும் பேசவில்லை. வெளியே என்ன நடக்கிறது என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அப்போது உதவுவது எது? பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோதான்!

ஏரிக்கரையில் வாழ்பவர்களுக்கு வானிலைச் செய்தி பொழுதுபோக்கு அல்ல. அது உயிர்ச் செய்தி. மீனவர்களுக்கான எச்சரிக்கை ரேடியோவில் வருகிறது. ராமநாதபுரம் மாவட்டம் பாம்பனில், 2016-ல், 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்காகவே ஒரு சமுதாய வானொலி தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, புயல் வரும் என்று சொன்னதுமே பெட்டிக்கு முழுவதும் சார்ஜ் ஏற்றிவையுங்கள். அந்த இரண்டு நாள் பாட்டு வேண்டாம். செய்திக்கு மட்டும் வையுங்கள். சில சின்னக் கருவிகளில் காதில் மாட்டும் ஒயர்தான் ஏரியல். அதைச் சொருகினால்தான் ரேடியோ பாடும். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உப்புக்காற்றும் வெயிலும்

ஏரிக்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. அது இரும்பையே தின்னும். பெட்டியை விடுமா?

பெட்டியை மூடியுள்ள டப்பாவிலோ, பிளாஸ்டிக் பையிலோ வையுங்கள். வாரம் ஒரு முறை காய்ந்த துணியால் துடையுங்கள். வெயிலில் படகுப் பலகையின் மேல் வைக்காதீர்கள். சூட்டில் பேட்டரி கெடும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றவே கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பெட்டி ஏரியில் விழுந்துவிட்டதா? உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்டியை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று நாள் காற்றாட நிழலில் காயவையுங்கள். உப்பு உள்ளேயே தங்கினால் அரித்துவிடும். உப்புநீர் பட்ட பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றாதீர்கள். புதுப் பேட்டரி போடுங்கள்.

காது போனால் வராது

இளைஞர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்.

காதுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தம் அவற்றை அழித்துவிடும். அழிந்தால் மறுபடி முளைக்காது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால்? வாரத்துக்கு 4 மணி நேரம்தான்!

டெசிபலை அளக்க வீட்டில் கருவி ஏது? சுலபமான வழி ஒன்று உண்டு. முழுச் சத்தத்தில் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லையா? சத்தம் அதிகம். குறையுங்கள்.

காதைவிடப் பெரிது உயிர். அனுப்பம்பட்டு வழியாக மின்சார ரெயில் மட்டுமா போகிறது? ஆந்திராவுக்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகும் எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் பறக்கின்றன. காதில் பாட்டு ஓடினால் ரெயில் ஊதுவது கேட்காது. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. ஆனால், ரெயில் ஆறு மாதத்தோடு விடாது!

படகிலும் அப்படித்தான். காற்று திரும்புவதைக் காதுதான் முதலில் சொல்லும். கூட வந்தவர் கூப்பிடுவதும் காதில்தான் விழவேண்டும். வேலை நேரத்தில் காதை அடைக்காதீர்கள். கரைக்கு வந்து, வலையைக் காயப்போட்டுவிட்டு, ஆற அமரக் கேளுங்கள்.

நாம் சொல்வது இதுதான்

ஐயாயிரம் பாட்டு உள்ள பெட்டி என்று கேட்டு வாங்காதீர்கள். ஐந்து வருஷம் உழைக்கும் பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். மாற்றக்கூடிய பேட்டரி, கைக்கு எட்டும் பொத்தான், தெளிவாகக் கேட்கும் ரேடியோ. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

வாங்கியபின் அதை யாரிடம் கொடுப்பது?

வீட்டில் யார் கையில் செல்போன் இல்லையோ, அவர் கையில் கொடுங்கள். எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று பொறுமையாக நாலு தடவை சொல்லிக் கொடுங்கள். அவர் உங்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தபோது நாலு தடவையோடு நிறுத்தவில்லை.

நாளைக் காலையில் மகன் படகில் போவான். மருமகள் மீன் கூடையோடு போவாள். பேரன் பள்ளிக்கூடம் போவான்.

வீட்டில் பாட்டி தனியாக இருப்பார். ஆனால், பாட்டு இருக்கும்!