குன்றி ஏன் குன்றியது?

பொற்கடைக்குச் செல்லும் தமிழன் இரண்டு சொற்களைக் கேட்டு மீள்கிறான். ஒன்று கிராம், மற்றொன்று காரட். முன்னது பிரெஞ்சு நாட்டார் வகுத்த அளவை. பின்னதோ ஒரு விதையின் பெயர்! நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் விளையும் மரம் ஒன்றன் நெற்று, சிறு கொம்பு போல் இருத்தலின் கிரேக்கர் அதனைக் கெராத்தியோன் என்றனர். அதன் விதையின் பெயரே நிறைக்கும் பெயராயிற்று. அரபியர் வாயில் அது கீராத்து என நின்று, ஐரோப்பியர் வாயில் காரட் எனத் திரிந்தது. 1907 ஆம் ஆண்டில் அதன் நிறை, கிராமில் ஐந்தில் ஒரு பங்கு என உறுதி செய்யப்பட்டது. இதிற் குறை கூற ஒன்றுமில்லை. தம் மண்ணில் விளைந்த விதையை உலக வாணிகத்தின் நாவில் ஏற்றிய முனைப்பு பாராட்டத் தக்கதே. எழும் வினா வேறு. தமிழனுக்கு விதை இல்லையா?

உண்டு, ஒன்றன்று, மூன்று. வேலிதோறும் படரும் கொடியில் விளைவது குன்றி. மரத்தில் விளைந்து, முழுதும் சிவந்து, குன்றியினும் பருத்திருப்பது மஞ்சாடி. முட்காயினுள் விளைவது, கழங்காடும் மகளிர் கையில் உருண்ட கழற்சி. கழஞ்சு என்னும் நிறைப்பெயர்க்கு அடி அதுவே என்பர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இற்றைக் கணக்கில் குன்றி ஏறத்தாழ 0.13 கிராம், கழஞ்சு 5 கிராமிற்குச் சற்று மேல். 1010 இல் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் புரட்டுக. இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த அணிகலன் ஒவ்வொன்றும் இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி எனக் கணக்கிட்டுக் கல்லில் வெட்டப்பட்டிருத்தல் காணலாம். பேரரசன் கொடையாயினும் ஒரு குன்றியும் விடுபடலாகாது என்பதே அக்கணக்கின் நேர்மை.

விதைக்கு விதை நிறை வேறுபடாதோ என்பார் உளர். வேறுபடும். அதனை அக்காலத்தார் அறியாதவர் அல்லர். அக்கல்வெட்டுகளிலேயே பொன் நிறுத்தற்கு 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல் குறிக்கப்பட்டுள்ளது. விதை அளவையைப் பிறப்பித்தது. கல் அதனை நிலைநிறுத்தியது. காரட்டின் வரலாறும் இதுவேயன்றி வேறன்று.

குன்றியைத் தமிழ்ப்புலமை மறந்ததில்லை. வள்ளுவர் இருமுறை அதனை எடுத்தாள்கிறார். புறஞ்சிவந்து மூக்குக் கறுத்த அவ்விதையைப் போலித் துறவியர்க்கு உவமையாக்கியது 277 ஆம் குறள். குன்றனையாரும் குன்றியளவு இழிசெயலால் தாழ்வர் என்றது 965 ஆம் குறள். ஆயின் புலவர் அறிந்தது அதன் நிறமும் சிறுமையுமே. தட்டார் அறிந்தது அதனினும் மிகுதி.

தட்டார் பட்டறையில் குன்றிக்கு இரண்டு பணிகள் இருந்தன. நிறுத்தற் பணி ஒன்று. அதனை எல்லாரும் அறிவர். ஒட்டுதற் பணி மற்றொன்று. கடுகினும் சிறிய பொன்மணிகளையும் மயிரனைய பொற்கம்பிகளையும் ஒரு தகட்டின்மேல் வரிசையாக அமைத்துப் பற்றவைத்தல் எளிதன்று. ஊதுகுழலின் காற்றுப் பட்ட அளவிலேயே அவை உருண்டோடும். ஆதலின் குன்றியின் செந்தோலை நீக்கி, உள்ளிருக்கும் வெண்பருப்பை நீர்விட்டுக் கல்லில் இழைத்து, அப்பசையைத் தொட்டு ஒவ்வொரு மணியையும் தன்தன் இடத்தில் நிறுத்துவர். பின்னர் வெண்காரமும் பொடியும் இட்டு ஊதுவர். பொடி உருகிப் பொன்னைப் பற்றும் வரையில் மணி அசையாது. பற்றியபின் பசை தீய்ந்து ஒழியும். பணி முடித்துத் தடமின்றி விலகும் இத்தகு பசையை வேலியோரக் கொடியில் கண்டெடுத்தவன் எந்தக் கல்லூரியிலும் பயின்றவன் அல்லன்.

பொடி வைத்துப் பேசுதல் என்று மக்கள் வழங்குவது இப்பட்டறைப் பொடியையே என்பர். இலக்கணமும் இப்பட்டறைக்குக் கடன்பட்டதே. நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை முன்னடியோடு இணைக்க இடையே இடும் அசைக்கு ஆசு எனப் பெயரிட்டனர் யாப்பு நூலார். பொற்கொல்லர் இடும் பற்றாசே அதற்கு உவமை. யாப்பைப் பயிற்றுவோர் எத்தனை பேர் மாணாக்கரை ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்று பற்றாசு இதுவெனக் காட்டினர்? யாப்பிலக்கணத்துக்கு உவமை தந்தவனை அடுப்படியில் இருத்திவிட்டு, உவமையை மட்டும் ஏட்டில் ஏற்றிக்கொண்ட புலமை அது.

களிமண் பிள்ளையார்க்கும் மண்பாவைக்கும் கண் வைக்கவும் குன்றியே உதவியது. வழிபாட்டைப் பற்றி ஒருவர் கொள்கை எதுவாயினும் ஆகுக. ஈரமண்ணில் அழுத்திய அச்செவ்விதையில் கருவிழி இயற்கையாகவே அமைந்திருந்த அழகை மறுப்பார் யார்? இன்று அவ்விடத்தில் நெகிழிப் பொட்டு ஒட்டப்படுதலும் காணலாம்.

இனி, குன்றி குன்றிய வகையைக் காண்க. 1956 ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் பதின்ம முறையைக் கொணர்ந்தது. அது தீதன்று, ஊருக்கோர் எடை வைத்து உழவனை ஏய்த்தவர்க்கு அது முடிவு கட்டியது. ஆயின் பழைய அளவைகளை ஆய்ந்து எழுதிவைத்த பின்னரன்றோ அவற்றை விடை கொடுத்து அனுப்பியிருத்தல் வேண்டும்? அடுத்த அடி கொடிது. 1963 சனவரியில் தில்லி அரசு பொற்கட்டுப்பாட்டு விதிகளைப் பிறப்பித்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய அணிகலன் செய்யலாகாது என்றது. பத்தரை மாற்றுப் பொன்னைக் கட்டளைக்கல்லில் உரைத்துக் கண்ணாலேயே மாற்றுக் காணும் கைவினைஞனுக்கு, அயல்விதை ஒன்றன் பெயரால் எல்லை வகுத்தாயிற்று! தட்டார் குடும்பங்கள் தொழிலிழந்து வாடின; உயிர் மாய்த்துக்கொண்டோரும் உளர். அவ்வெல்லை பின்னர்த் தளர்த்தப்பட்டது. எனினும் 1968 இல் சட்டமாகிய கட்டுப்பாடு 1990 வரை நீடித்தது. அதற்குள் பட்டறையை விட்டுப் பிற வேலை தேடிப் போன மைந்தர் பலர் மீளவில்லை. மீண்டவர்க்கோ வார்ப்பு எந்திரம் போட்டியாய் நின்றது. 2021 முதல் தர முத்திரை கட்டாயமாகி, 916 என்னும் எண்ணே மாற்றுக்குச் சான்றாயிற்று. வாங்குவோர் ஏமாறாமைக்கு அது நன்று. கட்டளைக்கல் மட்டும் பரணேறிற்று.

சொல்லும் சிதைந்தது. குன்றிமணி குண்டுமணி ஆயிற்று. 'வீட்டில் ஒரு குண்டுமணிப் பொன்கூட இல்லை' என்று இன்றும் பேசுவோர், தாம் சோழர் கல்வெட்டின் அளவையால் பேசுவதை அறியார். இதே விதையை இரத்தி என்னும் வடபுலத்து மணி வாணிகர் அப்பெயரை இன்றும் எடையாகவே வழங்குகின்றனர். பள்ளிப் பிள்ளைகளோ காரட்டை அறிவர். மஞ்சாடி எதுவெனக் கேட்டால் விழிப்பர்.

செய்தற்குரியது பெரிதன்று, காலந்தான் குறுகியது. கம்பியிழுத்துக் கைவேலை செய்த முதிய தட்டார் ஊர்தோறும் ஓரிருவரேனும் எஞ்சியிருப்பர். அவர்தம் கருவிப் பெயர்களும் செய்முறைச் சொற்களும் அகரமுதலிகளில் முற்றும் ஏறியன அல்ல. தமிழாசிரியர் விடுமுறையில் ஒரு கிழமையை அவர்க்கு ஒதுக்கி, கேட்டதைக் கேட்டபடியே எழுதுக. எழுதும்போது செந்தமிழாகத் திருத்துதல் வேண்டா. பட்டறையில் வழங்கும் வடிவமே தேவை. பள்ளித் தோட்டத்தில் ஒரு மஞ்சாடி மரம் நடுக. குன்றியைப் பள்ளி வேலியில் படரவிடுதல் மட்டும் ஆகாது. தோல் உடைந்த குன்றி கொடிய நஞ்சு. மெல்லப்பட்ட ஒரு விதையும் குழந்தையைக் கொல்லக் கூடும். துளையிட்டுக் கோத்த குன்றிமாலையும் சிறார் கைக்கு உரியதன்று. மாணாக்கர்க்குக் காட்டுவதாயின் மூடிய கண்ணாடிக் குப்பியில் இட்டு, பெயரும் நிறையும் எழுதி, எட்டாத உயரத்தில் வைக்க.