ரின்னில் உள்ள பலமும் சட்டியில் உள்ள பலமும்



அண்மைக்காலமாக நான் போகும் கிராமங்களில் தாய்மார் ஒரு புதிய கேள்வியைக் கேட்கிறார்கள். "பெடியன் ஜிம்முக்குப் போறான். புறோட்டீன் பவுடர் வேணுமாம், கிறியேற்றின் எண்டு இன்னொண்டும் வேணுமாம். வாங்கிக் குடுக்கலாமோ தங்கச்சி?" காணி உறுதி, சுயதொழில் கடன், பிள்ளையின் பிறப்புப் பதிவு என்று கேட்டவர்கள்தான் இப்போது இதையும் கேட்கிறார்கள். இதைச் சிரித்துத் தட்டிவிட முடியாது. ஒரு தாய் இதற்காகக் காதில் கிடந்த தோட்டையே அடகு வைத்திருந்தார். எனவே இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் இவை என்னவென்று தெரிந்துகொள்வோம். புறோட்டீன் பவுடர் மருந்து அல்ல. பெரும்பாலும் அது பாலில் இருந்து எடுக்கப்படும் புரதம். பாற்கட்டி செய்யும்போது பிரிந்து நிற்கும் நீரைக் காயவைத்துத் தூளாக்குகிறார்கள். ஒரு கரண்டித் தூளில் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் இருப்பதும் புரதம்தான்.

கிறியேற்றின் வேறு பொருள். 1832ஆம் ஆண்டு செவ்ரோல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் அதை இறைச்சியில் கண்டுபிடித்தார். எங்கள் ஈரலும் சிறுநீரகமும் அதைத் தினமும் சிறிதளவு தாமாகவே உண்டாக்குகின்றன. மீனில் இருந்தும் இறைச்சியில் இருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. பாரம் தூக்குதல், வேகமாக ஓடுதல் போன்று சில வினாடிகளில் முழுப் பலத்தையும் கேட்கும் வேலைகளுக்குத் தசை அதைப் பயன்படுத்துகிறது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பிறகு விளையாட்டு வீரர்களிடையே அது பரவியது.

இவை வெறும் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். நாளுக்கு 3 முதல் 5 கிராம் கிறியேற்றின், ஒழுங்காகப் பாரம் தூக்கிப் பயிற்சி செய்யும் ஆரோக்கியமான வளர்ந்தவருக்குச் சிறிது உதவும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விடயம். ஆனால் முதற் கிழமைகளில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ, தசைக்குள் தேங்கும் தண்ணீர்தான். தராசைப் பார்த்து மயங்கக்கூடாது.

பயிற்சி இல்லாமல் இந்தத் தூள்கள் என்ன செய்யும்? அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில் சராசரி 87 வயதான 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. சிலருக்குப் பாரப் பயிற்சி, சிலருக்குப் போசாக்குப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 10 கிழமைகளின் பின் பயிற்சி செய்தவர்களின் தசைப் பலம் இரண்டு மடங்கைத் தாண்டியது. பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. பலம் வருவது உழைப்பால். உணவு அதற்குத் துணை.

சரி, பிள்ளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? சாதாரண வளர்ந்தவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.8 கிராம் போதும். பாரம் தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு 1.6 கிராம் வரை பயன் உண்டு. அதற்கு மேல் உண்பதால் தசை மேலும் வளர்வதாகத் தெரியவில்லை என்று 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 60 கிலோ நிறையுள்ள இளைஞனுக்கு இது 96 கிராம்.

இதை எங்கள் அடுப்படியில் கணக்குப் பார்ப்போம். நாள் முழுவதற்கும் 400 கிராம் அரிசி என்றால் 28 கிராம் புரதம். 50 கிராம் பருப்பில் 12. காய்ந்த சோயா மீற் 50 கிராமில் 25. இரண்டு முட்டையில் 12. 100 கிராம் மீனில் 20. மொத்தம் 97 கிராம். ரின் இல்லாமலே கணக்குச் சரி. மீன் வாங்க முடியாத நாளில் பயறு, கடலை, கச்சான், நெத்தலிக் கருவாடு இருக்கின்றன. கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி உப்பைக் குறையுங்கள். வெளிநாட்டு ரின் ஒன்றுக்குப் பல்லாயிரம் ரூபா போகிறது. 2022இல் எங்கள் ரூபா விழுந்ததில் இருந்து இறக்குமதிச் சாமான்கள் எட்டாத உயரத்தில் நிற்கின்றன. அந்தக் காசில் குடும்பம் முழுவதற்கும் எத்தனை கிழமைக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம் என்று பிள்ளையுடன் இருந்து ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

அப்படியும் வாங்குவதானால் சில விடயங்களில் கவனம் தேவை. 18 வயதுக்கு உட்பட்டவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் கிறியேற்றின் எடுக்கக்கூடாது. சிறுநீரகத்தில் குறை உள்ளவர்களுக்கும் அப்படியே. 1990களில் இருந்து வடமத்திய மாகாணத்தை வாட்டும், காரணம் முற்றாக விளங்காத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் உண்டு. அந்நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே முதலில் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கிறியேற்றின் எடுப்பவர் அதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையின் அளவை அது கூட்டிக் காட்டக்கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜேர்மனியில் கொலோன் நகர ஆய்வாளர்கள் 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருட்களைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 94இல், மேலுறையில் சொல்லப்படாத ஹோர்மோன் பொருட்கள் கலந்திருந்தன. பெயரில்லாப் பொதியில் நிறுத்துத் தருவது, "ரெண்டு கிழமையிலை உடம்பு வரும்" என்று யாரோ கொடுக்கும் குளிசை, ஊசி, இவற்றை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம்.

சமூகவியல் படித்தவள் என்பதால் பிள்ளை ஏன் கேட்கிறான் என்பதையும் யோசிக்கிறேன். 2009இல் கைக்குழந்தையாக முகாமுக்குள் போனவர்கள் இன்று இளைஞர்கள். தகப்பன் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை, இந்த வீட்டுக்குக் காவல் நானே என்று சின்ன வயதிலேயே நினைத்துவிடுகிறான். அகன்ற தோள் அவனுக்கு வெறும் அழகு அல்ல. அது அம்மாவையும் தங்கையையும் யாரும் சீண்டாமல் இருக்க ஒரு வேலி. "வீண் செலவு" என்று ஏசினால் அவன் மனம் மூடிக்கொள்ளும். "உனக்கு என்ன பயம் ராசா?" என்று ஒருநாள் ஆறுதலாகக் கேளுங்கள். போதையின் பக்கம் போகாமல் உடம்பை வளர்க்க நினைக்கும் பிள்ளை நல்ல பிள்ளைதான்.

இனி உங்களைப் பற்றி. எங்கள் வீடுகளில் மீன் நடுத்துண்டு மகனுக்கு, முட்டை சின்னவனுக்கு, சட்டியின் அடியும் சொதியும் அம்மாவுக்கு. முப்பது வயதுக்குப் பின் தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அது வேகமாகும். தண்ணீர் சுமப்பது, வயலில் குனிவது, ஜெய்ப்பூர் காலுடன் பஸ் படியில் ஏறுவது, கைத்தடியை ஊன்றி நடப்பது எல்லாம் தசையின் தயவுதான். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு நாளுக்குக் குறைந்தது 40 கிராம் புரதம் வேண்டும். வயது போனவருக்கு 50 முதல் 60 கிராம் நல்லது. 300 கிராம் அரிசியில் கிடைப்பது 21 கிராம் மட்டுமே. மிச்சத்துக்குச் சொதி காணாது.

ஆகவே கறி இறக்கியவுடன் உங்கள் பங்கையும் ஒரு கோப்பையில் எடுத்து மூடிவையுங்கள். பிறகு மிஞ்சினால் சாப்பிடலாம் என்று விடவேண்டாம். கிழமையில் மூன்று நாள் கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். ஒரு லீற்றர்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் அது ஒரு கிலோப் பாரம். இரு கையிலும் பிடித்து மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். உடம்பில் செல் துண்டு உள்ளவர்களும் இருதய வருத்தம் உள்ளவர்களும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மகனுக்கு ஜிம்மில் படித்தது தெரியும்தானே? உங்களுக்கு அவனே மாஸ்டராக இருக்கட்டும்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்துடன் சந்திப்போம்.